சைவம் என்று எழுதிய பிறகு

மருத்துவமனையில் உணவியலாளராக நான் நிரப்பிய ஒவ்வொரு டயட் ஷீட்டிலும் பெயர், வயது, உயரம், எடைக்கு அடுத்தபடியாக ஒரு கட்டம் இருக்கும்: சைவமா, அசைவமா? நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த டிக்குக்கு என்ன பொருள் என்பது என் பணிக்காலத்துக்குள்ளேயே தலைகீழாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது ஒரு குறைபாட்டின் அடையாளம். சில ஆண்டுகளில் அதுவே ஆரோக்கியத்தின் சான்றிதழ் ஆனது. இன்றைய ஆராய்ச்சியோ, அந்தக் கட்டத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோவையில் மனையியல் படித்தேன். அப்போதைய பாடங்களில் புரதத்துக்குத் தரவரிசை உண்டு. முட்டை உச்சியில் இருக்கும். பால், மீன், இறைச்சி அதற்கடுத்து. பருப்புக்கும் தானியத்துக்கும் ‘இரண்டாம் தரப் புரதம்’ என்று பெயர். இந்த வரிசை எலிக்கூண்டில் பிறந்தது. அமெரிக்காவில் தாமஸ் ஆஸ்போர்னும் லஃபாயெட் மெண்டலும் 1910களில் மக்காச்சோளப் புரதத்தை மட்டும் கொடுத்து எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். அவை வளரவில்லை. லைசின், டிரிப்டோஃபேன் என்ற இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்ததும் வளர்ந்தன. மிக அழகான சோதனை அது. ஆனால் எலிக்குட்டி மனிதக் குழந்தையைவிடப் பல மடங்கு வேகமாக வளர்வது. உடல் முழுக்க ரோமம் வேறு. அதற்குக் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் நிறையத் தேவை. அந்த எலிக்குப் பருப்பு போதவில்லை என்பதால் நமக்கும் போதாது என்று பல பத்தாண்டுகள் நம்பியிருந்தோம்.

இந்த எலிச் சோதனைகளில் ஒன்று நம் குன்னூரில் நடந்தது. ராபர்ட் மெக்கரிசன் 1920களில் அங்கே இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவு உண்ட எலிகள் முதலிடம். கடைசியில் நின்றது மதராசி உணவு. பாடத்தில் இதைப் படிக்கும்போது இறைச்சிக்கும் அரிசிச் சோற்றுக்கும் நடந்த போட்டி போலத்தான் தோன்றும். அந்தச் சீக்கிய உணவில் என்ன இருந்தது என்று தேடிப் பார்த்தேன். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது கொஞ்சம் இறைச்சி. மதராசி உணவு என்பது தீட்டிய அரிசியும் நீர்த்த குழம்பும், பெயருக்குக் கொஞ்சம் பால். இரண்டையும் பிரித்தது இறைச்சி மட்டும் இல்லை. தவிடு போன தானியமும் இல்லாத பாலும் இல்லாத கீரையும்தான் பெரிய வித்தியாசம். இன்றைக்குப் புதுக் கண்டுபிடிப்பாகப் பேசப்படும் விஷயம் குன்னூர் மலையில் அப்போதே கண்ணெதிரே இருந்தது. பார்த்தவர்கள் வேறு கேள்வியோடு பார்த்தார்கள்.

குன்னூர் ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அதை வழிநடத்திய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அவரும் சகாக்களும் 1971-ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை எங்கள் தலைமுறை உணவியலாளர்களின் கைப்பையில் எப்போதும் இருந்த புத்தகம். உலகமே ‘புரதப் பற்றாக்குறை’ என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், நம் ஏழைக் குழந்தைகளுக்கு முதலில் பற்றாமல் இருப்பது சோறுதான், வயிறு நிறையத் தின்றால் புரதமும் பெருமளவு வந்துவிடும் என்று அவர் ஆதாரத்தோடு சொன்னார். 1974-ல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் அந்தப் புரதக் கூச்சலையே பெரும் படுதோல்வி என்று எழுதினார். அதற்குள் பணமும் காலமும் புரத மாவுகளில் கரைந்துபோயிருந்தன.

தானியத்தையும் பருப்பையும் ஒரே வேளையில் சேர்த்துத் தின்றால்தான் புரதம் முழுமையாகும் என்ற விதியும் அந்தக் காலத்துடையது. ஃபிரான்சஸ் மூர் லாப்பே 1971-ல் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. பத்து ஆண்டுகள் கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் திருத்தி எழுதினார். அமெரிக்க உணவியலாளர் சங்கமும் 1988-ல், ஒரே வேளையில் சேர்க்கத் தேவையில்லை, நாள் முழுவதிலும் பலவகை உணவு இருந்தால் போதும் என்றது. இட்லியும் பொங்கலும் தின்னும் ஊரில் இந்த விதியால் யாருக்கும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. இதைக் கடந்து போகிறேன்.

சொல்ல வேண்டியது வேலூர்க் கதை. நம் மண்ணில் நடந்த இந்த ஆராய்ச்சி நம் வீடுகளுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

1962-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் லான்செட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகள். பிறந்தபோது நன்றாக இருந்தவை. சில மாதங்கள் கழித்து முகத்தில் சிரிப்பு மறைகிறது. கை, கால் தோல் கருக்கிறது. ரத்தம் குறைகிறது. தலை நின்ற குழந்தைக்குத் தலை நிற்காமல் போகிறது. சிலவற்றுக்குக் கை கால்களில் நடுக்கம். காரணம் பி12 என்ற வைட்டமின் இல்லாமை. தாயின் உடம்பிலேயே அது இல்லை. பாலில் எப்படி வரும்? மருந்தாகப் பி12 கொடுத்ததும் குழந்தைகள் தெளிந்தன. பி12 என்ற பொருளையே 1948-ல்தான் பிரித்தெடுத்திருந்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்குள் அது இல்லாத குழந்தை எப்படி இருக்கும் என்று வேலூரில் எழுதிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குழந்தையை நானும் பார்த்தேன். பல்லடம் பக்கத்துத் தறிக்காரக் குடும்பம். உட்காரத் தொடங்கியிருந்த குழந்தை படுத்த படுக்கையாகிவிட்டது. புறங்கை விரல் கணுக்களில் கருமை. குழந்தை மருத்துவர் பார்த்தவுடனே புரிந்துகொண்டு ரத்தத்துக்கு எழுதிவிட்டு, தாயின் உணவைக் கேட்டு எழுத என்னை அழைத்தார். பாட்டிதான் பதில் சொன்னார். “ஏனுங்கம்மா, தாய்ப்பால் குடிக்கற கொழந்தைக்குச் சத்துக் கொறையுமுங்களா?” குடும்பமே சுத்த சைவம். வீட்டில் மாடு இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு கறவை என்றார்கள். அப்படியானால் பால் குடிப்பீர்களா என்று தாயிடம் கேட்டேன். அந்தப் பெண் தலை நிமிராமல் சொன்னாள்: “காலைலயும் சாயங்காலமும் சொசைட்டிக்கு ஊத்திருவமுங்க. காப்பிக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக்குவமுங்க.”

பால் உண்டா என்று கேட்டிருந்தால் உண்டு என்றே பதில் வந்திருக்கும். தாளில் அது பாலும் தயிரும் சேர்ந்த சைவ உணவு. தட்டில் ரசம் சோறும் ஊறுகாயும் நீர் மோரும்தான் இருந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் ஊசி போட்டார்கள். சில நாட்களில் குழந்தை ஆளைப் பார்த்துச் சிரித்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, தாய்க்குத் தினம் இரண்டு டம்ளர் பாலை ஒதுக்கிவிட்டு மீதியைச் சொசைட்டிக்கு ஊற்றுங்கள் என்று பாட்டியின் கையைப் பிடித்துச் சொன்னேன். அந்த வீட்டில் முடிவு எடுப்பவர் அவர்தான்.

வேலூரில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மதனும் இந்தக் கேள்வியை விடவே இல்லை. நாட்டில் கோடிக்கணக்கானோர் சைவம் உண்ணும்போது எல்லோருக்கும் ஏன் பி12 குறைபாடு முற்றி நோயாகவில்லை? 1980-ல் அவர்கள் குழு நேச்சர் இதழில் ஒரு விடையைத் தந்தது. ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12 தயாரிக்கின்றன. பெருங்குடலில் தயாராவது உடம்பில் சேராது. சிறுகுடலில் என்றால் கொஞ்சமாவது சேர வாய்ப்பு உண்டு. ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. 1985-ல் லண்டன் ஹாரோ பகுதியில் குடியேறிய இந்துச் சைவ உணவுக்காரர்களிடம் பி12 குறைவால் கடும் ரத்தசோகை இருப்பதை இஸ்ரேல் சானரின் குழு எழுதியது.

புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் பார்த்தது இன்னும் ஆழமானது. அவர் ஆய்வில் ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பி12 குறைவு. வசதியான நகரத்து நடுத்தர வர்க்கத்தில்தான் அது மிக அதிகம். 2008-ல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையைப் படித்த பிறகு கர்ப்பிணிகளுக்கான என் ஆலோசனையே மாறியது. கர்ப்பத்தில் ஃபோலேட் மிகுதியாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. நாம் ஃபோலிக் அமில மாத்திரையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். பி12 எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. தவிர, கீரையிலும் மாத்திரையிலும் வரும் ஃபோலேட், ரத்தசோகையைச் சரிசெய்து பி12 குறைபாட்டை மறைத்துவிடும். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். பாதம் மரத்துப்போகிறது என்று வரும் சர்க்கரை நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பரையாகச் சைவம். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின். அந்த மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பது பழைய செய்தி. மரத்துப்போனதற்குச் சர்க்கரை மட்டுமே காரணம் என்று எழுதி அனுப்பிவிடுவது எவ்வளவு எளிது!

மேற்கில் ஆராய்ச்சி வேறு திசையில் போனது. 1954-ல் ஹார்வர்டில் மெர்வின் ஹார்டிஞ்சும் ஃபிரெட்ரிக் ஸ்டேரும் சைவ உணவுக்காரர்களின் சத்து நிலையை அளந்து, குறையொன்றும் பெரிதாக இல்லை என்றார்கள். அதன் பிறகு கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவைச் சுற்றியிருந்த செவன்த் டே அட்வெண்டிஸ்ட் சபையினரை ஆராயத் தொடங்கினார்கள். ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வசதியான மக்கள் கிடைக்க மாட்டார்கள். புகையில்லை, மதுவில்லை, அவர்களிலேயே பலர் சைவம், பலர் அசைவம். 1970களில் தொடங்கிய ஆய்வில் சுமார் 34,000 பேர். 2002-ல் தொடங்கியதில் சுமார் 96,000 பேர். சைவ உணவுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, சர்க்கரை நோய் குறைவு என்று வரிசையாக முடிவுகள் வந்தன. வாரத்தில் நான்கு முறைக்குமேல் கொட்டைப் பருப்புகள் தின்றவர்களுக்கு இதயநோய் ஏறக்குறைய பாதி என்று 1992-ல் அதே ஆய்விலிருந்து வந்தது. வேர்க்கடலையைக் கொழுப்பு என்று சொல்லி நோயாளிகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அது துணிச்சலான செய்தி.

இடையில் 1990-ல் டீன் ஆர்னிஷின் ஆய்வு. இதயத் தமனி அடைப்பு மருந்தில்லாமலே குறைய முடியும் என்று காட்டியது. செய்தித்தாள்களில் ‘சைவ உணவு மாரடைப்பை மாற்றும்’ என்று தலைப்பு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 48 பேர்தான். அவர்களில் மாற்றம் செய்தவர்கள் கலோரியில் பத்து விழுக்காடு மட்டுமே கொழுப்பு உண்டார்கள், புகையை விட்டார்கள், உடற்பயிற்சி செய்தார்கள், மன அழுத்தத்துக்குப் பயிற்சி எடுத்தார்கள். தலைப்பில் சைவம் மட்டும் தங்கிவிட்டது.

அந்த ஆண்டுகளில் எங்கள் மருத்துவமனை இதயப் பிரிவில் தினமும் காலையில் ரவுண்ட்ஸ் போவேன். படுக்கைக்குப் படுக்கை வாழ்நாளெல்லாம் முட்டைகூடத் தொடாதவர்கள். “நான் கவிச்சியே தொட்டதில்லீங்களே, எனக்கேன் அட்டாக் வரோணும்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இருந்த வேதனை என்னை உறுத்தியது. அமெரிக்க ஆய்வுகளை மேற்கோள் காட்டி மேடையில் பேசும் பெரிய மருத்துவர்கள் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

எனக்குத் தெளிந்த பதில் இதுதான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சைவத்துக்கு வருபவர்களில் பலர் அதைத் தேடித் தேர்ந்தெடுத்தவர்கள். உடம்பைப் பற்றிய அக்கறை உள்ளவர்கள். முழுத்தானியம், பீன்ஸ், பழம், கொட்டைகள் என்று யோசித்துத் தின்பவர்கள். நம்மவர்கள் சைவத்தில் பிறந்தவர்கள். அது குலவழக்கம், நோன்பு, அன்பு, அறம். அந்த மரியாதை அதற்கு உண்டு. ஆனால் அறத்துக்காக இறைச்சியை விட்டவர் வெள்ளைச் சோற்றையும் சர்க்கரையையும் வடையையும் விட்டார் என்று அர்த்தமில்லை. இருவரையும் ஒரே சொல்லால் அழைத்து, ஒருவரின் முடிவை இன்னொருவருக்குச் சூட்டியது ஆராய்ச்சியைப் படித்தவர்களின் அவசரம்.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த எபிக் ஆய்வு இன்னும் கொஞ்சம் நிதானத்தைக் கொண்டுவந்தது. 2019-ல் சுமார் 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த முடிவு வெளியானது. சைவ உணவுக்காரர்களுக்கு இதயநோய் 22 விழுக்காடு குறைவு. பக்கவாதம் 20 விழுக்காடு அதிகம். ஆயிரம் பேரைப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் பத்து பேருக்கு இதயநோய் குறைகிறது, மூன்று பேருக்குப் பக்கவாதம் கூடுகிறது. இப்படிச் சொன்னால் பயமும் இல்லை, பெருமிதமும் இல்லை. மறு ஆண்டு அதே குழு, பாலும் முட்டையும் விட்ட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 விழுக்காடு அதிகம் என்று சொன்னது. சைவத்தில் என்ன விடுகிறோம் என்பதுபோல, அதற்குப் பதிலாக என்ன சேர்க்கிறோம் என்பதும் அளவிடப்பட வேண்டியது என்று அப்போது எல்லோரும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள்.

அதைச் சில ஆண்டுகள் முன்பே முறையாக அளந்தவர் ஹார்வர்டில் பணியாற்றிய அம்பிகா சதிஜா. அவரும் சகாக்களும் 2016, 2017-ல் தாவர உணவை இரண்டாகப் பிரித்து மதிப்பெண் போட்டார்கள். முழுத்தானியம், பருப்பு, காய், பழம், கொட்டைகள் ஒரு பக்கம். தீட்டிய தானியம், இனிப்பு, சர்க்கரைப் பானம், உருளைக்கிழங்கு மறுபக்கம். முதல் வகை இதயநோயைக் குறைத்தது. இரண்டாம் வகை அதைக் கூட்டியது. இரண்டுமே சைவம். இதயப் பிரிவில் நான் கேட்ட கேள்விக்கு அச்சில் வந்த பதில் அது. சென்னையில் வி. மோகன் குழுவினர் அதற்கு முன்பிருந்தே தீட்டிய அரிசிக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை எழுதிவந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு அவர்கள் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2025 அறிக்கை, நம் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. அதில் பெரும்பங்கு தீட்டிய தானியமும் சர்க்கரையும்தான்.

புரதக் கேள்வியும் திரும்பி வந்தது, இம்முறை எலியில்லாமல். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாட் குழு இந்திய இளைஞர்களிடமே நேரடியாக அளந்தது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 12 மில்லிகிராம் லைசின் போதும் என்று 1985-ல் உலக நிறுவனங்கள் நிர்ணயித்திருந்தன. 2007-ல் அது 30 ஆனது. அந்தத் திருத்தத்தில் பெங்களூர் அளவீடுகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அதிகம். ஆகவே சைவ உணவுக்காரருக்குப் பருப்பின் அளவு மிகவும் முக்கியம். இதை வெறுமனே சொன்னால் “தினம் சாம்பார் வெக்கறமே” என்பார்கள். நான் கேட்பது வேறு: மாதம் எத்தனை கிலோ துவரம்பருப்பு வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர்? நாலு பேருக்கு இரண்டு கிலோ என்றால் ஆளுக்கு நாளைக்கு 17 கிராம்கூட வராது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தட்டில் பருப்பு வகைக்கு ஒதுக்கியிருப்பது 85 கிராம். எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் இதே கணக்குதான். மளிகைச் சீட்டு பொய் சொல்லாது.

அமெரிக்க உணவியலாளர் அமைப்பு 2009-லும் 2016-லும், நன்கு திட்டமிட்ட சைவ, வீகன் உணவு எல்லா வயதினருக்கும் பொருந்தும் என்றது. 2025-ல் வந்த அறிக்கையைக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அல்லாத பெரியவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்துக்கொண்டது. ‘திட்டமிட்ட’ என்பதுதான் அதில் கனமான பகுதி. நம் வீடுகளில் திட்டமிடுவது யார்? பெரும்பாலும் எல்லோரும் தின்று முடித்தபின் மிச்சத்தைத் தின்னும் பெண்.

பணியின் கடைசி ஆண்டுகளில் அந்தக் கட்டத்துக்குக் கீழே என் கையெழுத்தில் சில கேள்விகளைச் சேர்த்துக்கொண்டேன். இளம் உணவியலாளர்களையும் அப்படியே செய்யச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். பாலை வீட்டில் யார் குடிக்கிறார்கள்? பருப்பு மாதம் எவ்வளவு? சோறு எத்தனை கரண்டி, காய் எத்தனை கரண்டி? கீரை வாரத்தில் எத்தனை நாள்? கடலை, சுண்டல் உண்டா? மெட்ஃபார்மின் எத்தனை ஆண்டாக? கடைசியாகப் பி12 பார்த்தது எப்போது? ஓ.பி. நெரிசலிலும் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடலாம்.

சைவ உணவில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கர்ப்பமாக இருந்தாலோ, பாலூட்டினாலோ, வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலோ, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்தாலோ, மருத்துவரிடம் கேட்டுப் பி12 அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறைந்தால் மாத்திரையோ ஊசியோ போதும்; விலையும் அதிகமில்லை. அதற்குப் பதிலாகச் சுருள்பாசி வாங்கித் தின்னாதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் மனித உடம்புக்குப் பயன்படாத வடிவம். தட்டில் சோற்றில் கால்பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பையும் காயையும் வையுங்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவரின் தட்டிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.